பேரும் பெயர்வும்: ஊவா மலைத்தமிழில் ஒரு சொல்

சொற்களுட் சில நாள்தோறும் நாவில் வழங்குவதாலேயே ஆராயப்படாது ஒழிகின்றன. அருஞ்சொல்லுக்கு உரையாசிரியர் பொருள் விரிப்பர். நிகண்டு நூலார் இடம் வகுப்பர். எளிய சொல்லுக்கோ அதனை வழங்கும் மக்களின் வாழ்வே உரை. 'பெயர்' என்பதும், அதன் மரூஉவாகிய 'பேர்' என்பதும் அத்தகைய எளிய சொற்கள். இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இச்சொல் பெற்றுள்ள பொருளைத் தோட்டத்துக் கொச்சை எனக் கூறி ஒதுக்கிவிடுவது கற்றோரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அஃது ஒதுக்கத்தக்கதன்று என்பதும், இச்சொல்லின் வரலாற்றில் அப்பொருள் தவிர்க்கவியலாத ஒரு பகுதி என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்படும்.

தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நால்வகைப்படுத்திப் பெயரை முதற்கண் வைத்தார். அவரும் பின்வந்த நன்னூலாரும் பெயரியல் என ஓர் இயலையே வகுத்தனர். வேற்றுமை எட்டனுள் முதலாவது, பெயர் தன்னியல்பில் நிற்பது; எட்டாவது, பெயரை விளிப்பது. இலக்கணத்தில் இவ்வளவு பெருமை பெற்ற சொல், உலக வழக்கில் அதனினும் விரிந்த பரப்பை உடையது. 'பேர் வைத்தல்' என்னுமிடத்து அஃது ஒருவரைச் சுட்டும் குறி. 'பேர் எடுத்தல்', 'பேர் கெடுதல்' என்னுமிடத்துப் புகழ். 'பத்துப் பேர்' என்னுமிடத்து ஆள். 'அவர் பேரில் உள்ள காணி' என்னுமிடத்து உரிமை. 'அதன் பேரில்' என்னுமிடத்துத் தன் பொருளை இழந்து வெறும் இடைச்சொற்போல் நிற்பது. பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன் எனப்பட்டுப் பின்னர்ப் பேரன் ஆயினான். புகழைக் குறிக்கும் அதே சொல் 'பேருக்குச் செய்தான்' என்னுமிடத்துப் போலியைக் குறிப்பது வியப்பே. உள்ளதையும் இல்லதையும் ஒருங்கே உணர்த்தவல்ல சொல் இது.

பெயருக்கும் பொருளியலுக்கும் உள்ள உறவும் புதிதன்று. தமிழ் வணிகர் தம் கணக்கில் ஆளுக்கு ஒரு பக்கம் வகுத்துப் பற்றும் வரவும் எழுதும் ஏட்டினைப் 'பேரேடு' என்றனர். பேரேட்டில் ஒருவனுடைய பெயருக்குக் கீழே தொகை இருக்கும். ஆயின், பெயரே தொகை ஆகிவிடவில்லை. அந்த இறுதி அடியை எடுத்துவைத்தது தேயிலைத் தோட்டம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறும் நெடுஞ்சாலை பெரகலயில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எலையை அடைந்து பதுளைக்கு வழிவிடும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும். இச்சந்தியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளின் தோட்டங்களில், ஏனைய மலையகத் தோட்டங்களிற் போலவே, காலையில் தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடுவர். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். வேலை முடிந்தபின் செக்றோலில் அவரவர் பெயருக்கு நேரே அடையாளமிடப்படும். அவ்வடையாளமே 'பேர்' எனப்பட்டது. 'பேர் போடுதல்' என்றால் ஒரு நாள் வேலையை ஏற்றுக் கணக்கில் எழுதுதல். 'பேர் பதிதல்' என்றால் தோட்டத் தொழிலாளியாகச் சேர்தல். 'பேர் வெட்டுதல்' என்றால் நீக்குதல். 'இந்த மாதம் இருபது பேர்' என்று ஒரு தாய் கூறுங்கால், கேட்கும் வெளியூரார் இருபது ஆட்கள் என்று கொள்வர். அவள் சொல்வதோ தான் ஒருத்தி உழைத்த இருபது நாட்களை.

இவ்வழக்குகளுள் மிக்க கூர்மை உடையது 'அரைப்பேர்' என்பது. ஒரு நாளைக்கென விதிக்கப்பட்ட எடைக்குக் குறைவாகக் கொழுந்து கொய்தவருக்கு அரை நாட்கூலியே எழுதப்படும், அதுவே அரைப்பேர். மழையும் வெயிலும் கொழுந்தின் வளர்ச்சியை ஆள்கின்றன. புதர் முதிர்ந்த மலையிலும் களை மண்டிய மலையிலும் விரைந்து கொய்தல் இயலாது. ஆயினும் குறை எழுதப்படுவது கொய்தவருடைய பெயரில். 2021 ஆம் ஆண்டில் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், கொய்ய வேண்டிய எடை கூட்டப்பட்டதனால் அரைப்பேர் பற்றிய முறைப்பாடுகள் பல தோட்டங்களில் எழுந்தன. கூலியின் அளவை அறிய விரும்புவோர் ரூபாயை மட்டும் நோக்குதல் போதாது. பேர் முழுமையா, அரையா என்பதையும் நோக்குதல் வேண்டும் என்பதை இச்சொல்லே கற்பிக்கின்றது.

இங்கே ஒரு தடை எழலாம். 'பத்துப் பேர்' என்பதில் உள்ள ஆட்கணக்குப் பொருளே நாட்கணக்காயிற்று. ஆதலின் இது பெயர் என்னும் குறியைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியதே என்று ஒருவர் கூறலாம். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தோட்டத் துரைமார் இதனைத் தம் ஆங்கிலத்தில் ஆள் என்று பெயர்க்காது 'நேம்' என்றும், அரைப்பேரை 'ஹாஃப் நேம்' என்றுமே வழங்கினர். செக்றோலில் அடையாளம் விழுவதும் பெயருக்கு நேரேதான். ஆகவே குறியும் எண்ணும் கலந்த இடத்திற் பிறந்தது இப்பொருள் எனலே பொருந்தும். பிறமொழி ஒன்று இதனை விளக்கத் துணைசெய்யும். ஸ்பானிய மொழியில் அன்றாடம் வழங்கும் 'நோம்பிரே' என்னும் சொல்லுக்குப் பெயர் என்பது பொருள். புகழும் அதன் பொருளே. இலக்கணத்திற் பெயர்ச்சொல்லும் அதுவே. அதே எழுத்துக்களால் எழுதப்படும் பிரெஞ்சுச் சொல்லுக்கோ எண் என்பது பொருள். இலத்தீனில் வெவ்வேறாயிருந்த இரு வேர்கள் இரு மொழிகளில் ஒரே வடிவெய்திய விந்தை அது. அங்கே பெயரும் எண்ணும் ஒத்தது ஒலியின் தற்செயல். ஊவாவில் ஒத்தது ஒரு தொழில்முறையின் விளைவு.

தோட்டத்தில் வழங்கிய விளியும் கருதத்தக்கது. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கையேடுகளுள் ஒன்று 'இங்கே வா' என்னும் ஏவலையே தன் தலைப்பாகக் கொண்டது. ஏவல் உண்டு, விளிக்கப்படும் பெயர் இல்லை. மக்களிடம் பெயராக இருந்தது ஏட்டிற் கூலியாயிற்று. ஏவலில் அதுவும் மறைந்தது.

இனி, 'பெயர்' என்பது வினைப்பகுதியுமாம். பெயர்தல் என்பது இடம் விட்டு நீங்குதல். சங்கப் பாடல்கள் வேற்றுமொழி வழங்கும் நிலத்தை மொழி பெயர்ந்த நிலமாகக் கூறும். தமிழகத்திலிருந்து பெயர்ந்து வந்த இம்மக்களின் வரலாற்றில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஓயாது ஒன்றையொன்று சந்திக்கின்றன. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவர்களை இந்தியத் தமிழர் எனத் தனிப் பெயரால் வகுத்தது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுக்கு வாக்களித்தோருட் பெரும்பாலாரின் பெயர்களை இடாப்பிலிருந்து நீக்கின. செக்றோலிற் பேர் இருந்தது. நாட்டின் ஏட்டில் இல்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களைப் பாதியாக வகுக்கும் அவ்வொப்பந்தத்தின் மொழி, அரைப்பேர் என்னும் சொல்லுக்கு அயலானதன்று. எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. அதன் பின்னரும், பிறப்புச் சான்றிதழில் ஒருவாறாகவும் அடையாள அட்டையில் வேறொருவாறாகவும் பெயர் எழுதப்பட்டமையால் தம் ஊழியர் சேமலாப நிதியைப் பெற இடர்ப்பட்டோர் பலர். ஓர் எழுத்தின் பிழை ஓர் ஆயுளின் ஊதியத்தைத் தடுக்க வல்லதாயிற்று.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், பெரகலயிலிருந்து கொஸ்லந்தை செல்லும் வழியை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை பெயர்ந்து லயங்களை மூடியது. அவ்வொப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் முந்திய நாள் அது. மண்ணுள் மறைந்தோர் எத்தனை பேர் என்பதில் முதலிற் கூறப்பட்ட தொகை ஒன்று. பின்னர்க் கூறப்பட்ட தொகை வேறு. நாள்தோறும் பேர் எழுதப்பட்ட மக்களை அன்று பெயர் சொல்லி எண்ணுதல் அரிதாயிற்று. லயத்து அறை எதுவும் அதில் வாழ்ந்தவர் பேரில் இருந்ததுமில்லை. 'பேர்' என்பதன் எல்லாப் பொருள்களும், 'பெயர்தல்' என்பதன் எல்லாப் பொருள்களும் ஒரு காலைப்பொழுதில் ஒருங்கு கூடின.

இவற்றை நோக்கின், மலையக இலக்கியத்தைப் படிப்போர் ஒரு வழக்கத்தைக் கைவிடவேண்டும் என்பது புலனாகும். சிறுகதைத் தொகுதிகளின் இறுதியில் அருஞ்சொற்பொருள் என்னும் தலைப்பின் கீழ் 'பேர்: ஒரு நாட் சம்பளம்' என்று எழுதி அமைவது போதாது. பொருள் பிழையன்று; ஆயின் சொல்லின் உயிர் அதில் இல்லை. சம்பளம் குறைந்தால் பணம் குறையும்; பேர் அரையானால் ஆளே அரையாக மதிக்கப்பட்டதாகும். இவ்வேறுபாட்டை உணராதார்க்கு மலையகக் கதைகளின் சினம் வெறும் கூலிப்பிணக்காகவே தோன்றும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தோட்டத்தின் துயரைத் தமிழகத்து வாசகர் முன் வைத்தது. அதன் சிறப்பு இரக்கத்தில் உள்ளது. உள்ளிருந்து எழுதியோர்க்கு இரக்கம் போதவில்லை; அவர்கட்கு அம்மக்களின் சொல்லே வேண்டியிருந்தது. 1947 இல் உறுப்பினரான எழுவருள் ஒருவராகிய சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தமை இவ்வுணர்வினாலேயே. ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப், பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். தோட்டம் மக்களின் பெயரைக் கூலியாக்கியது. எழுத்தாளர் தோட்டத்தின் பெயரைப் புகழாக்கினார். 'பேர் எடுத்தல்' என்னும் பழம்பொருள் ஆண்டு மீட்கப்பட்டது.

2023 ஆம் ஆண்டில், வருகையின் இருநூறாம் ஆண்டினை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், தம்மை மலையக மக்கள் என்றே அழைத்துக்கொண்டனர். பிறர் இட்ட பெயரை நீக்கித் தாமே ஒரு பெயரை வைத்துக்கொள்ளும் மக்களின் மொழியைக் கொச்சை என்பார் மொழியையும் அறியார், மக்களையும் அறியார். தமிழகராதியிற் 'பேர்' என்னும் தலைச்சொல்லின் கீழ், புகழுக்கும் ஆளுக்கும் அடுத்து, ஒரு நாள் உழைப்பு என்னும் பொருளும் அரைப்பேர் என்னும் தொடரும் அடிக்குறிப்பாக அன்றி உரிய வரிசையில் இடம்பெறுதல் வேண்டும். அப்பணியை மலையகத்திற் பிறந்து தமிழ் கற்கும் மாணவர் மேற்கொள்வராயின், அச்சொல்லுக்கு முழுப்பேர் கிடைத்ததாகும்.