கற்பனையுலகும் கடவுள் மறுப்பும்

காவியப் புலவன் கற்பனையால் ஓர் உலகைப் படைக்கும்போது அவ்வுலகிற்குரிய தெய்வத்தையும் சமயத்தையும் உடன் படைக்கின்றான். அஃது அரிதன்று. அத்தெய்வத்தை மறுப்பவனையும் அங்கே உயிருள்ளவனாய் நிறுத்துதலே அரிது. மறுப்பவன் வெறும் பதுமையாயின், அவனை வென்ற சமயத்துக்கும் பெருமை இல்லை. இவ்வளவுகோல் கொண்டு நம் நூல்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவாம்.

மணிமேகலையிற் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையிலே பூதவாதி வருகின்றான். காட்சியன்றிப் பிற அளவையைக் கொள்ளாதவன். இப்பிறப்பன்றி வேறு பிறப்பில்லை என்பவன். மணிமேகலையோ தன் முற்பிறப்பை அறிந்தவள்; ஆதலின் நகைக்கின்றாள். அவ்வறிவு தெய்வ மயக்கோ கனவோ ஆகலாம் என்கின்றான் அவன். தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என அவள் வினாவுகின்றாள். வினா கூரியதே. ஆயினும், தெய்வம் நேரில் வந்து பேசும் அவ்வுலகிலே பூதவாதி வாதந் தொடங்குமுன்னரே தோற்றுவிடுகின்றான். சாத்தனார் அவனுக்குச் சொல் கொடுத்தார். நிற்க நிலங் கொடுத்திலர்.

தெய்வம் கண்முன் தோன்றும் உலகில் அதன் உண்மையை மறுத்தல் அரிது. அதற்கு அடிபணிய மறுத்தலே இயலும். இந்நுட்பத்தைக் கம்பன் அறிந்தான். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவன் அமைத்தான். இரணியன் நாடு சமயமற்ற நாடன்று; அரசன் பெயரே மந்திரமாகிய நாடு. தூண் பிளந்து நரசிங்கம் தோன்றிய பின்னரும், தன் வாளையன்றி வேறொன்றைத் தொழேன் என நிற்கின்றான் இரணியன். கண்டும் வணங்காத அவ்வுறுதியே பிரகலாதன் பத்திக்கு ஈடான எடையைத் தருகின்றது.

பாரதிதாசன் 1934-ஆம் ஆண்டில் எழுதிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ இக்கதையைத் தலைகீழாக்கியது. அங்கே இரணியன் ஆரியர் சூழ்ச்சிக்கு இரையான வீரன். மறுப்பவனுக்கு நியாயம் கிடைத்தது. நம்புவோர்க்கோ சூழ்ச்சியன்றி வேறு நெஞ்சம் இல்லை. பூதவாதிக்கு நேர்ந்த குறை ஈண்டு மறுபக்கம் சார்ந்தது.

வடமராட்சிக் கோயில்களிற் புராணபடனங் கேட்டு வளர்ந்தோர் கச்சியப்பரின் சிங்கமுகனை மறவார். முருகனின் பெருமையை அண்ணனுக்கு எடுத்துரைத்தவன் அவன்; அண்ணன் இகழவே, கடமையால் அப்பெருமானோடே பொருது மடிந்தவனும் அவனே. நம்புகின்றவன் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றான். மனித நெஞ்சின் சிக்கல் இதனினும் தெளிவாய் வெளிப்படுதல் அரிது.

கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011) மார்க்சியராய் நின்றே நம் பத்தி இலக்கியத்தை ஆழ்ந்து கற்றார். மாற்றார் நூலை அதன் முழு வலியோடு கற்றல் வாசகன் கடன். மாற்றானை அவன் முழு வலியோடு படைத்தல் புலவன் கடன். புத்துலகங்களைப் புனைய விழையும் நம் மாணவர் இவ்விரண்டையும் நெஞ்சிற் கொள்வாராக.