மொழி தெரியாமல் பார்த்த மோக்லி

"90ஸ் கிட்ஸ்" என்று தொடங்கும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் தேன்மிட்டாய், பம்பரம், பென்சில் விட்டுச் சுற்றிய கேசட் இதுகளுக்கு நடுவில் மோக்லியும் உட்கார்ந்திருப்பான். ஞாயிறு காலை, தூர்தர்ஷன், அந்தப் பாட்டு. உடனே கீழே நூறு பேர் வந்து "அது ஒரு காலம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். இந்தப் பட்டியல்கள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஆனால் இவற்றில் பாதி இந்தியிலோ ஆங்கிலத்திலோ யாரோ போட்டதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தவை. அதனால் ஒரு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. தமிழ்நாட்டில் அந்தத் தொடரைப் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு வசனம்கூடப் புரியவில்லை. அப்படியானால் நமக்கு ஞாபகம் இருப்பது எது?

முதலில் அந்தத் தொடர் நம்மிடம் வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். மும்பையில் பிறந்த கிப்ளிங் என்ற ஆங்கிலேயர், அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் பனிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மத்திய இந்தியாவின் சிவனி காட்டைப் பற்றி எழுதுகிறார். 1894-இல் முதல் புத்தகம், 1895-இல் இரண்டாவது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து நிப்பான் அனிமேஷன் என்ற ஜப்பானிய நிறுவனம் அதை 52 பகுதிகளாக எடுக்கிறது. இயக்கியவர் ஃபுமியோ குரோகாவா. 1989-90இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடியது. 1993-இல் இந்தியில் பேசிக்கொண்டு தூர்தர்ஷனுக்கு வந்தது. அங்கிருந்து நம் ஊர் ஆன்டெனாவுக்கு. ஆங்கிலேயர் கதை, ஜப்பான்காரர் படம், இந்தி வசனம், தமிழ்ப் பிள்ளை.

அந்த 1993 முக்கியமான வருஷம். அதே வருஷம் ஏப்ரலில்தான் சன் டிவி தொடங்கியது. கேபிள் தெருத்தெருவாக வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அதுவரைக்கும் ஞாயிறு காலையில் தேசிய ஒளிபரப்பில் எது வந்ததோ அதுதான். வேற சேனல் இருந்தா மாத்தியிருப்போம், இல்லை, அதனால் பார்த்தோம். இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன அப்பாக்கள் வீட்டிலும் மோக்லி ஓடியது. அது ஏதோ தேசிய ஒருமைப்பாட்டுச் சாதனை என்று சிலர் இப்போது எழுதுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. கார்ட்டூன் போட்டால் பிள்ளைகள் பார்க்கும், அவ்வளவுதான். யாருக்கும் அதனால் இந்தி வந்துவிடவும் இல்லை.

புரியாமல் பார்ப்பதற்கு என்று ஒரு முறை இருந்தது. வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று கதை சொல்லும். அதுக்கும் இந்தி தெரியாது, ஆனாலும் சொல்லும். "இப்ப அந்தக் கரடி என்ன சொல்லுதுன்னா, நீ போகாத, புலி வருதுன்னு சொல்லுது." யாரும் மறுக்க முடியாது. அடுத்த வீட்டில் அதே காட்சிக்கு வேறு வசனம் ஓடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நாலு பேர் நாலு கதை கொண்டுவருவார்கள். ஆக, தமிழ்நாட்டில் மோக்லி ஒரு தொடர் இல்லை, தெருவுக்கு ஒரு தொடர் என்றுகூடச் சொல்லலாம்.

2007-இல் சுட்டி டிவி வந்த பிறகு வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். டோராவையோ ஜாக்கி சான் தொடரையோ தமிழில் பார்த்த பிள்ளைகளுக்கு ஏக்கம் வந்தால் வசனம் வருகிறது. குரலை அப்படியே பேசிக் காட்டுவார்கள். அவர்களுடைய மீம்கள் எல்லாமே வசனங்கள். எங்கள் தலைமுறையிடம் மோக்லியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மெட்டை முனகுவோம். வார்த்தை வராது, அல்லது இந்தி மாதிரி ஏதோ ஒரு சத்தம் வரும். குல்சார் எழுதிய பாட்டு அது. பிறகு 1996-இல் மாச்சிஸ் படத்தால் பெரிய பெயர் வாங்கிய விஷால் பரத்வாஜின் இசை. ஒரு பெரிய கவிஞர் எழுதிய வரிகளை வெறும் ஓசையாக ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் தலையில் வைத்திருக்கிறோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாட்டு நன்றாக எழுதப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

வேலைக்காகச் சில வருஷம் மத்தியப் பிரதேசத்தில் இருந்ததால் இந்தி இப்போது எனக்குப் புரியும். போன மழைக்காலத்தில் தொடரின் பெரும்பகுதியைத் திரும்பப் பார்த்தேன். படம் வரைந்த விதம் இன்றைய கண்ணுக்குச் சிக்கனமாகத் தெரிகிறது. ஓநாய்க் கூட்டம் ஓடும்போது அதே ஓட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. நிற்கிற ஓவியத்தின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தி நேரத்தை ஓட்டுகிறார்கள். பேசும்போது வாய் மட்டும் அசையும். வாராவாரம் ஒரு பகுதி கொடுக்க வேண்டிய ஜப்பானியத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் எல்லாமே அப்போது இப்படித்தான். ஆனால் இந்தச் சிக்கனம்தான் நமக்கு உதவி செய்திருக்கிறது என்று தோன்றுகிறது. முகம் நிலையாக நிற்கிறது. கண் பெரிதாகிறது, காற்று அடிக்கிறது, இசை மாறுகிறது. வசனத்தைக் கழித்துவிட்டாலும் யாருக்குக் கோபம், யாருக்குப் பயம் என்று தெரிந்துவிடும். அதே கதையை டிஸ்னி 1967-இல் எடுத்த படத்தில் பாட்டும் நகைச்சுவைப் பேச்சும் நீக்கினால் மிஞ்சுவது குறைவு. ஜப்பான் தொடரில் நிறையவே மிஞ்சும்.

ஷேர்கானுக்கு நானா படேகர் குரல். இதுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் பேசுகிறோம் என்று குரலை அவர் கொஞ்சம்கூட இறக்கவில்லை. அடித்தொண்டையில் ஆரம்பித்து இழுக்கும் அந்த ஏளனம் எந்த மொழிக்காரனுக்கும் புரியும். எங்கள் தெருவில் புலி வசனத்துக்கு மட்டும் யாரும் மொழிபெயர்ப்பு கேட்டதில்லை.

வரைந்த காடுதான் இடிக்கிறது. சிவனி பக்கத்து பெஞ்ச் காடு தேக்கங்காடு. கோடையில் இலை முழுக்கக் கொட்டி, காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். தொடரில் வருவதோ கொடி தொங்கும், எப்போதும் பச்சையான காடு. அந்தக் காட்டில் கிச்சி என்று ஒரு சிவப்பு பாண்டா வேறு. சிவப்பு பாண்டா இமயமலைப் பக்கத்து விலங்கு, மத்தியப் பிரதேசத்துக்கு அதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அழகாக இருக்கிறது, பொம்மை செய்யலாம், சேர்த்துவிட்டார்கள். அப்பா ஓநாய்க்கு அலெக்சாண்டர் என்று பெயர். கிப்ளிங் அந்த ஓநாய்க்குப் பெயரே வைக்கவில்லை. சிவனியில் பிறந்த ஓநாய்க்கு மாசிடோனியப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. கிப்ளிங்கும் அங்கே போய்ப் பார்த்து எழுதியவர் இல்லைதான், ஆனால் பயம் வந்த கதையில் வைன்கங்கா ஆறு வற்றி, நடுவில் பாறை தெரிந்து, அதுவரை புலியும் மானும் ஒரே கரையில் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒப்பந்தம் வருகிறதே, அந்த வறட்சி அந்த மண்ணுடைய வறட்சி. பின்னணி ஓவியங்களைத் தீட்டியவர்களிடம் அந்த வெயில் இல்லை.

மோக்லி கையில் ஒரு பூமராங்கும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அட்டையில் வெட்டி எறியாத பையன் எங்கள் பக்கம் கிடையாது. சிவகங்கைச் சீமையில் வளரி என்று ஒன்று இருந்ததும், சின்ன மருதுவிடம் அதை எறியக் கற்றுக்கொண்டதாக கர்னல் வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாருமே அந்த அட்டையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்து ஜப்பான் வழியாக வந்த ஆயுதமாகத்தான் அது எங்களுக்கு அறிமுகம் ஆனது.

ஒரு இடத்தில் இந்தத் தொடர் மற்ற எல்லாவற்றையும் விட மூலத்துக்கு நேர்மையாக இருக்கிறது. கா என்ற மலைப்பாம்பு. கிப்ளிங்கில் கா நண்பன். குரங்குகள் தூக்கிப்போன மோக்லியை மீட்டுத் தருவதே அவன்தான். டிஸ்னி 1967-இல் அவனை வில்லன் ஆக்கியது, 2016 படத்திலும் அப்படியே. பாம்பு என்றால் கெட்டது என்ற எளிய கணக்கு. ஜப்பான் தொடரில் கா பழைய நண்பனாகவே இருக்கிறான். வயதான, நிதானமான, கொஞ்சம் பயமும் தருகிற நண்பன். பாம்புக்குப் பால் ஊற்றும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது விசித்திரமாகப் படவே இல்லை.

ஆனால் பெரிய வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கிறவர்கள் மூலப் புத்தகத்தையும் ஒரு தடவை திறக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். புத்தகத்தில் மோக்லி ஷேர்கானை எருமை மந்தையை விட்டு மிதிக்க வைத்துக் கொல்கிறான். அதற்கு அப்புறம் ஊர் அவனைச் சூனியக்காரன் என்று கல்லால் அடித்துத் துரத்துகிறது. காடும் ஏற்கெனவே அவனைத் துரத்தியிருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் அவன் யானைகளை விட்டு அந்த ஊரையே அழிக்கிறான். அவனுக்குச் சோறு போட்ட மெசுவாவும் கணவனும் நியாயம் கேட்டு ஓடுவது வெள்ளைக்காரன் இருக்கிற கான்ஹிவாராவுக்கு. மோக்லி வளர்ந்து ஆளான பிறகு நடக்கும் கதையைத்தான் கிப்ளிங் முதலில், 1893-இல் வெளியிட்டார். அதில் மோக்லி வனத்துறையில் காவலர் வேலைக்குச் சேர்கிறான். கடைசியில் பென்ஷன் உண்டு என்று வாக்குறுதியும் தருகிறார்கள். காட்டின் பிள்ளை, காட்டை எடுத்துக்கொண்ட அரசாங்கத்தின் சம்பளக்காரன் ஆகிறான். கிப்ளிங் இதை நல்ல முடிவாக நினைத்து எழுதியிருக்கிறார்.

ஜப்பான்காரர்கள் இந்த அரசாங்கம் முழுவதையும் தூக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. அதனால் ஒரு லாபம்: நாங்கள் பார்த்தது யாருக்கும் சொந்தம் இல்லாத ஒரு காடு. நஷ்டமும் உண்டு. இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்ட பையனின் தனிமை தொடரில் ரொம்பவே மெலிந்துவிட்டது. கிப்ளிங்கின் பகீரா உதய்ப்பூர் அரண்மனைக் கூண்டில் பிறந்தவன். அவன் தாடைக்குக் கீழே பட்டை உரசி முடி போன ஒரு இடம் இருக்கும், அதை மோக்லிக்கு மட்டும் தொட்டுப் பார்க்கத் தருவான். மனிதனிடம் இருந்து தப்பி வந்தவன், மனிதக் குட்டி ஒன்றை வளர்க்கிறான். பேரரசைக் கழித்தாலும் இந்தத் தழும்பின் கனத்தை வைத்திருக்கலாம். மொழியே இல்லாமல் படத்தில் காட்டக்கூடிய விஷயம் அது.

2016-இல் டிஸ்னி புதிய படத்தை இந்தியாவில் ஏப்ரல் 8-ஆம் தேதி, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வெளியிட்டது. இந்திப் பதிப்புக்கு ஷேர்கான் குரலுக்கு நானா படேகரையே மறுபடியும் கூப்பிட்டார்கள். விளம்பரத்துக்குப் பழைய பாட்டையும் புதிதாகப் பதிவு செய்தார்கள். ஏக்கத்துக்கு விலை உண்டு என்று தெரிந்து செய்த வேலை, நன்றாகவே செய்தார்கள். படம் தமிழிலும் வந்தது. அதில் திரும்பக் கூப்பிட ஒரு குரல் இல்லை, திரும்பப் பாட ஒரு பாட்டும் இல்லை. அதே வயது, அதே ஞாயிறு, ஆனால் எங்கள் ஞாபகம் எந்த ஒலிப்பதிவிலும் இல்லாததால் அதை யாராலும் எடுத்து விற்க முடியவில்லை. திண்ணையில் இருந்து "புலி வருதுன்னு சொல்லுது" என்று சொன்ன அந்த மூத்த பிள்ளைகளை எந்த நிறுவனம் தேடிப்பிடிக்கும்?

அந்த 52 பகுதிகளுக்கும் இன்று யாராவது நல்ல தமிழ் கொடுத்தால் நான் கட்டாயம் பார்ப்பேன். பகீராவுக்கு யார் குரல் என்பதில் எனக்குத் தனிப்பட்ட விருப்பம்கூட உண்டு. ஆனால் முதல் இரண்டு மூன்று பகுதியை ஒலியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு வாண்டை உட்காரவைத்து, அது என்ன கதை சொல்கிறது என்று கேட்ட பிறகுதான்.