அணங்கும் நகையும்: ‘கருங்காப்பியம்’ குறித்து

ஊரடங்கின் தனிமையைக் கழிப்பதற்கு நூலகம் ஒன்றை நாடி வந்த ஒரு பெண், கைக்குக் கிடைத்த பழம்புத்தகத்தைப் பிரிக்க, அதனுள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பேய்க்கதைகள் எழுகின்றன என்பது, கேட்ட மாத்திரத்திலேயே ஆவலைத் தூண்டவல்ல கற்பனை. 2023ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘கருங்காப்பியம்’ என்னும் திரைப்படத்தை இயக்குநர் டீகே இக்கற்பனையின் மீதே எழுப்பியிருக்கிறார். காஜல் அகர்வால், ரெஜினா, ஜனனி, ரைசா வில்சன், நொய்ரிகா என நடிகையர் ஐவர். ஹாஸ்யத்துக்கு யோகி பாபு. மழை விடாது பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டனில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு அதைப் பார்த்தேன். பிள்ளைகள் அஞ்சவில்லை, பெரியவர்கள் சிரிக்கவில்லை.

அஞ்சவைப்பதையும் சிரிக்கவைப்பதையும் சேர்த்துச் செய்யும் சாமர்த்தியம் இவ்வியக்குநருக்கு இல்லாத ஒன்றன்று. 2014இல் அவர் எடுத்த ‘யாமிருக்க பயமே’யில், கடன்காரனுக்கு அஞ்சி ஓடிவந்த ஒருவன் மலைமேலுள்ள பாழ் பங்களாவை விடுதியாக்க, தங்க வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோக, பிணங்களைப் புதைத்துப் புதைத்து அவன் படும் பாட்டில் நாம் சிரித்தோம். பேயைவிடக் கடன்காரனுக்கு அதிகமாக அஞ்சும் மனிதனைக் கண்டு எழுந்த சிரிப்பு அது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்னும் நான்கையும், நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் வகுத்துரைக்கிறார். அணங்கும் அரசனும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனித்தால் இவ்வகைக் கதையின் சூட்சுமம் புலப்பட்டுவிடும். அதற்கு உதாரணமாக, தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் அடுப்புத் தணலைச் சுற்றி நாங்கள் குந்தியிருக்க, என் அப்பாயி சொன்ன கதையொன்று நினைவுக்கு வருகிறது. பிரசவத்தில் இறந்துபோன, கொழுந்தெடுத்த ஒருத்தியின் ஆவி அந்திக் கருக்கலில் ஆற்றோரம் நிற்கும். காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு ஐந்து நிமிஷம் பிந்தியவளுக்கும் இரக்கமின்றி அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போடுகிற கணக்கப்பிள்ளை, அவ்வழியே வந்து, அவளைக் கண்டு, செக்ரோல் புத்தகத்தையும் குடையையும் எறிந்துவிட்டு லயம் லயமாய் ஓடுவார். வயிறு குலுங்கச் சிரித்தோம். அச்சிரிப்பு முழுவதும் கணக்கப்பிள்ளையின் மேல்தான் விழுந்தது. இறந்தவள்மேல் ஒரு துளியும் படவில்லை. அவளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அப்பாயியின் குரல் தாழ்ந்துவிடும். அதனாலேயே சிரித்து ஓய்ந்த பின்னரும், தனியே இஸ்தோப்புத் தாழ்வாரத்துக்கு எழுந்து போக எங்களில் ஒருவருக்கும் துணிவு இருப்பதில்லை.

‘கருங்காப்பியம்’ வழுக்கி விழுவது இந்த இடத்திலேதான். அச்சம் வேரூன்றுவதற்கு முன்பே ஹாஸ்யம் குறுக்கிட்டு, அமானுஷ்யத்தையே கேலிப்பொருளாக்கி விடுவதால், அடுத்த காட்சியில் அதே ஆவியைக் கண்டு நடுங்குமாறு நம்மைக் கேட்கும்போது, நடுங்குவதற்கு நம்மிடம் எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

கோவையாக அமைந்த படம் தமிழுக்குப் புதிதன்று. 1939லேயே சிறு ஹாஸ்யப் படங்கள் பலவற்றைக் கோத்து ‘சிரிக்காதே’ வெளிவந்திருக்கிறது. வேடிக்கைக்கு அவ்வளவு தளர்ந்த கயிறு போதும். திகிலுக்கோ கோக்கும் நூலே உயிர். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் மௌனமாயிருந்தால் தலை வெடித்துவிடும், வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். கேட்பவனையும் கதைக்குள் இழுத்துப் போடும் உபாயம் அது. 1945இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ‘டெட் ஆஃப் நைட்’ படத்தில், தன் கனவில் கண்ட மனிதர்களையே ஒரு வீட்டில் நேரில் சந்திக்கும் கட்டடக் கலைஞனின் கலக்கம், கதைக்குக் கதை முறுகிக்கொண்டே போகிறது. அதில்கூடக் கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பற்றிய விளையாட்டுக் கதை, மற்றவற்றின் பக்கத்தில் நிற்கமாட்டாமல் தளர்ந்துவிடுகிறது. அத்தகைய முறுக்கு ‘கருங்காப்பிய’த்தின் நூலகக் காட்சிகளில் இல்லை. கதைகளுக்கு நடுவே அங்கு திரும்பும்போதெல்லாம், இனி அப்பெண்ணுக்கு என்ன நேருமோ என்ற பதைப்பு நமக்கு உண்டாகவில்லை.

ஆயினும் பெண்களையே நடுநாயகமாக வைத்துக் கதைகளைத் தொடுத்த துணிவைப் பாராட்டாமலிருப்பது நியாயமாகாது. நம் நாட்டுப் பேய்க்கதைகளில் பெரும்பாலானவை பெண்ணுக்கு இழைத்த அநீதியின் கதைகளே. அந்தத் துயரத்தின் வாசல்வரை வந்துவிட்டு, அவசர அவசரமாக வேடிக்கைக்குத் திரும்பிவிட்டதே என்பதுதான் என் மனத்தாங்கல்.

மலையகத்தில் குறும்படம் எடுக்கப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரத்துக்கும் ஒரு காவல் தெய்வத்தைக் கண்டு, ரோதமுனி எனப் பெயரிட்டுக் கற்பூரம் ஏற்றியவர்கள் நம் முன்னோர். பேய்க்கதைக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. அப்பாயிமாரும் அம்மாயிமாரும் இருக்கும்போதே அவர்கள் அருகில் உட்காருங்கள். கதையை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாமல், எந்த இடத்தில் அவர்கள் குரல் தாழ்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.