யாருக்கு நல்ல சேதி?

சேதி என்று ஒன்று வந்தால் நம்ம சனங்க முதலில் கேட்பது, யார் வீட்டுச் சேதி என்பதைத்தான். ஒரு வீட்டுக்கு விசேஷம் என்றால் பக்கத்து வீட்டுக்கு அதுவே இழவாகவும் இருக்கலாம். ஆனால் கிறிஸ்தவ இறையியல் 'நற்செய்தி' என்ற சொல்லைக் கையில் எடுத்ததும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் அமுக்குகிறது. எல்லாருக்கும் பொது, எல்லாக் காலத்துக்கும் பொது, ஆத்துமாவுக்கானது என்று வழவழவென்று ஒரு விளக்கம். ஒரு சபை 'சுவிசேஷம்' என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'நற்செய்தி' என்கிறது. சொல் மாறியிருக்கிறது, மழுப்பல் மாறவில்லை. சொல் பிறந்து வளர்ந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் கதை வேறு.

கிரேக்கத்தில் அந்தச் சொல் 'எவாங்கெலியோன்'. அதன் பழைய பொருள் நல்ல சேதி அல்ல. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குத் தரும் வெகுமதி. ஹோமரின் ஒடிசியில், பிச்சைக்காரன் வேடத்தில் வந்த ஒடிசியஸ், யூமேயஸ் என்ற பன்றி மேய்க்கும் அடிமையிடம் அவனுடைய எசமான் திரும்பி வருவான் என்று சேதி சொல்கிறான். அது பலித்தால் தனக்கு நல்ல துணிமணி தரணும் என்று பேசுகிற இடத்தில்தான் இந்தச் சொல் வருகிறது. மாண்டினியா போரில் ஜெயித்த சேதியை ஸ்பார்ட்டாவுக்குக் கொண்டுவந்தவனுக்குக் கிடைத்தது, பொதுச் சாப்பாட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சி. எழுதி வைத்திருப்பவர் புளூட்டார்க்.

இந்தக் காட்சி நமக்குப் புதுசா? கேதம் சொல்ல ஊர் ஊராக நடந்தவன் யார்? தண்டோரா போட்டவன் யார்? தண்டோரா முறையைக் கைவிடச் சொல்லித் தமிழ்நாட்டு அரசு உத்தரவு போட 2022 வரை ஆயிற்று. சேதி ஊருடையது, கால் சேரியுடையது. சேதி சொல்கிறவனுக்குக் கூலி உண்டு, சேதியில் பங்கில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசிப்போம்.

எபிரேய வேதத்தில் சேதிக்காரன் கதை இன்னும் கொடுமையானது. சவுல் செத்த சேதியை நல்ல சேதி என்று நம்பித் தாவீதிடம் கொண்டுவந்தவனுக்குக் கிடைத்த வெகுமதி வெட்டு. அப்சலோம் கொல்லப்பட்ட நாளில் அகிமாஸ் ஓடிப்போய்ச் சேதி சொல்லத் துடிக்கிறான். யோவாப் அவனை நிறுத்திவிட்டுக் கூஷியன் ஒருவனை முதலில் அனுப்புகிறான். எதிரி ஒழிந்தான் என்று அந்தக் கூஷியன் வெற்றியாகச் சொன்னது, தகப்பன் காதில் மகன் சாவாக விழுகிறது. அடி விழக்கூடிய சேதியைச் சுமக்க அந்நியன் கால் தேவைப்பட்டது என்று இதை நாம் வாசிக்கலாம்.

இந்தச் சொல்லை ரோமப் பேரரசு என்ன செய்தது? கி.மு. 9இல் ஆசிய மாகாணத்து ஆளுநர் பவுலுஸ் ஃபாபியுஸ் மாக்சிமுஸ் ஒரு யோசனை சொல்கிறார்: அகஸ்துவின் பிறந்தநாளான செப்டம்பர் 23ஐ ஆண்டுப் பிறப்பாக வைத்துக்கொள்ளலாம். மாகாணத்துப் பெருந்தலைகள் கூடி அதைத் தீர்மானமாக்கிக் கல்லில் வெட்டினார்கள். பிரியேனே நகரத்தில் அந்தக் கல்வெட்டு கிடைத்தது. 1899இல் அச்சில் வந்தது. போரை நிறுத்திய ரட்சகர் என்று அகஸ்து அதில் புகழப்படுகிறார். அந்தக் கடவுளின் பிறப்பு உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது கல்வெட்டு. ரட்சகர், சமாதானம், நற்செய்தி, எல்லாம் ரோம ஆதிக்கத்தின் சொற்களாக ஏற்கெனவே புழங்கியவை. கப்பம் கட்டியவனுக்கும் அடிமையாக விற்கப்பட்டவனுக்கும் அது என்ன செய்தி என்று கல்வெட்டு பேசாது. கல்லில் வெட்ட அவனிடம் காசு இல்லை.

கி.பி. 69இல் வெஸ்பாசியன் பேரரசன் ஆனான். நகரங்கள் அந்த நற்செய்தியைக் கொண்டாடிப் பலி செலுத்தியதாக யோசேபுஸ் எழுதுகிறார், இதே சொல்லைப் போட்டு. அடுத்த ஆண்டு வெஸ்பாசியனின் மகன் தீத்து எருசலேமைத் தரைமட்டமாக்கினான். யூதேயா பிடிபட்டது என்று காசு அடித்தார்கள். ஈச்ச மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள். நகரங்களுக்கு நற்செய்தி, அவளுக்கு?

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் மாற்கு எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. முதல் வரியிலேயே தொடக்கம், நற்செய்தி என்ற இரண்டையும் மாற்கு சேர்த்து வைக்கிறார். இது தற்செயலாகவே இருக்கட்டும். அரசன் பிறப்புக்கும் படை வெற்றிக்கும் பழகிப்போன காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அதுவும் யாரைப் பற்றிய சேதி? சிலுவையில் அறையப்பட்ட ஒரு கலிலேயத் தச்சனைப் பற்றியது. சிலுவை அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய தண்டனை. ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கி கி.மு. 71இல் 6000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் அறைந்து தொங்கவிட்ட தண்டனை. சிலுவை வைத்தவனின் சேதிச் சொல்லைச் சிலுவை சுமந்தவன் பக்கத்து ஆட்கள் திருடிக்கொண்டார்கள். ஆதிக் கிறிஸ்தவத்தில் இந்தச் சொல்லின் முதல் பொருள் இந்தத் திருட்டுத்தான்.

லூக்கா பெயர்ச்சொல்லைத் தன் நற்செய்தி நூலில் ஒரு இடத்திலும் பயன்படுத்தவில்லை. வினைச்சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார். நாசரேத்தில் ஏசாயா சுருளை வாசித்து, ஏழைக்கும் சிறைப்பட்டவனுக்கும் ஒடுக்கப்பட்டவனுக்கும் என்று இயேசு சொன்னவரைக்கும் ஊர் மெச்சிக் கேட்கிறது. சீதோன் நாட்டு விதவைக்கும் சிரியாக்காரனுக்கும்கூட அதில் பங்கு உண்டு என்றதும் மலை உச்சியிலிருந்து தள்ளப் பார்க்கிறது. நல்ல சேதிக்கு நாசரேத்து தந்த வெகுமதி அது.

ஆனால் இந்தச் சொல்லை அதிகம் புழங்கவிட்டவர் பவுல். மாற்குக்கும் முந்தி, கி.பி. 50களில். பவுல் என்றால் விசுவாசம், கிருபை, மீட்பு என்று இறையியல் வகுப்பு ஆரம்பமாகிவிடும். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் கூடவே விலகினார். பவுல் முகத்துக்கு நேராகவே எதிர்த்தார். அவர் வைத்த குற்றச்சாட்டு, இவர்கள் நற்செய்தியின் உண்மைப்படி நடக்கவில்லை என்பது. பந்தியில் யாரோடு உட்கார்ந்தாய் என்பதில் நற்செய்தி நிற்கிறது, அல்லது விழுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். யூத உணவு முறையைச் சாதியோடு ஒன்றாக்கி வாசிப்பது அநியாயம். யூதர்கள் அங்கே ஆண்ட கூட்டம் இல்லை. ரோமின் காலடியில் மிதிபட்ட சனம். அந்த முறை அவர்கள் அழியாமல் இருக்கப் போட்டுக்கொண்ட வேலி. சாதிப் பந்திக்கு நெருங்கிய உறவுக்காரன் கொரிந்துவில்தான் இருக்கிறான். அங்கே வசதியானவன் முன்னாலேயே வந்து தின்று குடித்து வெறித்துக் கிடக்கிறான். இல்லாதவன் வெறும் வயிறோடு நிற்கிறான். பெயர் மட்டும் ஆண்டவரின் விருந்து. இதை வர்க்கப் பிரச்சினையாக 1970களில் கெர்ட் தைசன் வாசித்துக் காட்டினார். இது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று பவுலே எழுதியிருக்கிறார்.

அதற்காகப் பவுலைத் தூக்கித் தலையில் வைக்கவும் வேண்டாம். பந்தி விஷயத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியவர், அடிமை விடுதலை என்று வரும்போது கம்மிய குரலில் பேசுகிறார். ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பிலமோனுக்கு எழுதிய கடிதத்தில் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார், விடுதலை செய் என்று பச்சையாகச் சொல்லவில்லை. அவர் பெயரில் பின்னால் எழுதப்பட்டதாகப் பலர் கருதும் கடிதங்களில் அடிமை எசமானுக்கு அடங்கி நடக்கணும். மாற்கிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய பெண்ணின் செயல், நற்செய்தி சொல்லப்படும் இடமெல்லாம் நினைவுகூரப்படும் என்கிறார் மாற்கு. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சேதியை யார் சுமந்தார்கள்? எதிரியின் சாட்சிதான் இங்கே நமக்கு நல்ல சாட்சி. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி உண்மையைக் கறக்கச் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் சபையின் ஊழியக்காரிகள். கி.பி. 178 வாக்கில் கெல்சுஸ் என்ற தத்துவக்காரன் கிண்டலடிக்கிறான்: கம்பளி வேலை செய்கிறவன், செருப்புத் தைக்கிறவன், துணி வெளுக்கிறவன் எல்லாம் வீட்டுக்குள் புகுந்து பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஞானம் சொல்ல வந்துவிட்டானாம். அவனுக்கு எரிச்சல் சேதியில் மட்டும் இல்லை, சொல்லும் வாயிலும் இருக்கிறது. கூலிக்கு ஓடியவன் அல்ல இப்போது சேதிக்காரன். சேதியில் பங்குள்ளவனே சேதியைச் சொல்கிறான்.

பிறகு சொல் மெல்ல மெல்லப் புத்தகமாகியது. கி.பி. 155 வாக்கில் யுஸ்தீனு 'நற்செய்திகள்' என்று நூல்களைக் குறிப்பிடுகிறார். 180 வாக்கில் இரேனேயு நூல் நான்குதான் என்று எல்லை கட்டுகிறார். அப்போதும் பந்தி முழுசாகப் போய்விடவில்லை. ஞாயிறு கூடுகையில் அனாதைக்கும் விதவைக்கும் கைதிக்கும் காசு சேர்த்ததை யுஸ்தீனே சொல்கிறார். 313இல் கிறிஸ்தவத்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. 325இல் கான்ஸ்டன்டைன் தன் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விருந்துக்கு ஆயர்களை அழைத்தான். உருவிய வாளோடு நின்ற காவலர்களுக்கு நடுவே பயமில்லாமல் நடந்துபோய் ஆயர்கள் பந்தியில் அமர்ந்தார்களாம். கிறிஸ்துவின் அரசே கண்முன் வந்ததுபோல இருந்தது என்று பரவசப்படுகிறார் யூசேபியுஸ். அதே நூற்றாண்டில் கங்க்ரா சங்கம், பக்தியின் பெயரால் எசமானை மதிக்காதே என்று அடிமைக்குப் போதிப்பவன் சபிக்கப்பட்டவன் என்று விதி எழுதியது. பந்தி அரண்மனைக்குள் போனது. சொல் பழைய எசமானிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

நம் மண்ணிலும் இந்தச் சொல் பந்தியில்தான் சோதிக்கப்பட்டது. சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்கணும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சொன்னபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் எப்படிக் குடிப்பது என்பதுதான் பிரச்சினை. சுவிசேஷத்தை அச்சுப்பிசகாமல் ஒப்பித்தவர்கள் அவர்கள். அந்தியோக்கியாவின் கேள்வி மட்டும் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஆகவே நற்செய்தியை மறுவாசிப்பு செய்கிறோம் என்று புதுசு புதுசாக அகராதி போடுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கணும். பிரசங்க பீடத்தில் என்ன சொன்னீர்கள் என்பது இருக்கட்டும். பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? கல்லறையில் யார் பக்கத்தில் படுப்பீர்கள்? அதற்குப் பதில் வரும்வரை அது ஊர்ச் சேதிதான். சுமந்துபோக இனி நம்ம கால் வராது.