மூட்டு நீரின் ஒரு துளி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆத்தூர்ப் பக்கத்து வயல்களில் கணுக்கால் புதையச் சேறு. இப்படிப்பட்ட ஈரமண்தான் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமிக்குப் பிடித்த வீடு. காலில் கீறலோடு உழவுக்கு இறங்கிய சர்க்கரை நோயாளிக்கு முழங்கால் கனன்று வீங்கினால், வழக்கமான கிருமிகளோடு இந்தக் கிருமி தரும் மெலியாய்டோசிஸ் நோயையும் நினைக்கத் தெரிந்த மருத்துவர் வாய்ப்பது பேறு.

மூட்டில் ஊசியிட்டு எடுத்த நீரை என்னோடு சேர்ந்து சற்றுப் பாருங்கள். நலமான மூட்டின் நீர் வைக்கோல் நிறத்தில் பளிங்காய்த் தெளிந்திருக்கும். சிரிஞ்சு நுனியிலிருந்து சொட்டவிட்டால் சட்டென்று விழாது; ஓர் அங்குலத்துக்கு மேல் மெல்லிழையாய் நீண்டு, தயங்கி, பிறகே அறும். அழற்சி கண்ட மூட்டில் அந்த எழில் இழை இல்லை. கலங்கிய நீர் வெறுமனே சொட்டுகிறது. கருவியே இல்லாமல் கண்ணுக்குக் கிடைக்கும் முதல் சேதி, என்ன நளினம்!

அடுத்து கண்ணாடித் தகடு. சாயமேற்றினால் கிருமியின் இரு முனையும் சிவந்து, நடு வெளிறி, மூடிய ஊக்குப்போலத் தெரியும். எப்போதும் அப்படித் தெரியும் என்பதற்கில்லை என்பதும் உண்மை.

என் மனம் கிறங்குவது வளர்தட்டில்தான். 1979இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆஷ்டவுன், ஊட்டத்தோடு ஜென்டாமைசினையும் ஊதாச் சாயத்தையும் கலந்து ஒரு தட்டு வகுத்தார். மற்ற கிருமிகள் பலவும் மடிய, சூடோமல்லை வளரும். முதல் நாள் ஊசிமுனைப் புள்ளிகள். பொறுத்தவருக்கு நாலாம் நாளுக்குள் வறண்டு சுருங்கிய, மடிப்பு மடிப்பான ஊதா அழகு. மண்வாசனையும் உண்டாம். முகர்ந்துவிடாதீர்கள், ஆபத்து!

வளர்ந்த கிருமியின் மேல் மூன்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் சோதனையின் கச்சிதம் இன்னும் அருமை. ஜென்டாமைசின், கோலிஸ்டின் வில்லைகளை ஒட்டியே கிருமி பெரும்பாலும் வளர்ந்து நிற்கும். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். சாதாரண சூடோமோனாஸ் என்று ஒதுக்கப்படக்கூடியதை இந்த வட்டம் காட்டிக்கொடுக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தார் பல்லாண்டாய்த் தேர்ந்த கண்கொண்டு இந்தக் கிருமியைக் கண்டறிந்து எழுதிவருகிறார்கள்.

சிகிச்சையிலும் அதே நிதானம். மூட்டைக் கழுவி, செஃப்டாசிடிம் ஊசி ஏறத்தாழ 4 வாரம். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். வீக்கம் வடிந்து நோயாளி வயலுக்குத் திரும்பிய பின்னும் மாத்திரையை நிறுத்த விடமாட்டார்கள். செல்லுக்குள் பதுங்கும் இந்தக் கிருமி ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கும்.