வினாவின் இடம்: ஒடியா, தமிழ் வினா அமைப்பும் அந்தமான் மொழிப் பதிவுகளும்

1. முன்னுரை

ஒரு மொழியை ஆராயப் புகுவோர் முதலில் கையாளும் கருவி வினாவேயாகும். 'இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?' என்னும் வினாவிலிருந்தே சொற்பட்டியலும் அகராதியும் இலக்கணமும் தோன்றுகின்றன. ஆயினும், அம்மொழியைப் பேசுவோர் தம்முள் எவ்வாறு வினவிக்கொள்கின்றனர் என்பது இத்தகைய பதிவுகளில் மிகக் குறைந்த இடமே பெறுகிறது. ஆய்வாளர் வினவுகிறார், மொழியினர் விடை தருகின்றனர். ஆதலின் பதிவாவது பெரும்பாலும் விடைகளின் மொழியாகவே அமைகிறது.

இக்குறை அந்தமான் தீவுகளில் பெரிதாகத் தோன்றுகிறது. அங்குள்ள பழங்குடி மொழிகள் சில பேசுவோரை இழந்துவிட்டன. விடுபட்டதை மீண்டும் கேட்டறிய வாய்ப்பில்லை. மேலும், அண்மைக்காலக் கள ஆய்வுகள் பல இந்தி மொழியை இடைநிலை மொழியாகக் கொண்டவை. இந்தியின் வினா அமைப்பு பதிவின்மேல் எத்தகைய நிழலை வீழ்த்தக்கூடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதனைத் தெளிவாகக் காட்ட ஒடியா மொழி நல்ல உரைகல்லாகும். ஒடியா இந்தியோடு இனத்தால் உறவுடையது; வினா அமைப்பில் தமிழோடும் ஒப்புமை உடையது. வங்காளமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் போலவே ஒடியாவும் குடியேறியவர்களின் மொழியாக அத்தீவுகளில் சிறு அளவில் வழங்குகிறது. இக்கட்டுரை ஒடியா, தமிழ் வினாக்களை ஒப்பிட்டு, அவ்வொப்பீட்டின் ஒளியில் அந்தமான் மொழிப் பதிவுகளை மதிப்பிடுகிறது.

2. தமிழ் மரபில் வினா

தொல்காப்பியர் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றையும் வினாவாகக் கூறினார். நன்னூலார் எ, யா என்பவற்றையும் சேர்த்து, அவை சொல்லின் முதலிலோ இறுதியிலோ நிற்கும் இடத்தையும் வரையறுத்தார். இவ்வரையறையில் இன்றைய மொழியியல் பிரித்துக் காணும் இருவகை வினாக்களும் அடங்கியுள்ளன. 'யார்', 'எங்கு', 'எப்போது' எனச் சொல் முதலில் வினாவெழுத்து நிற்பின் அறியாத ஒரு கூறு வினவப்படுகிறது. 'வந்தானா' எனச் சொல் இறுதியில் நிற்பின் ஆம், இல்லை என்னும் விடை எதிர்பார்க்கப்படுகிறது.

இறுதியில் வரும் ஆகாரம் இடம் பெயரும் தன்மையுடையது. 'அவன் நேற்று வந்தானா?', 'அவன் நேற்றா வந்தான்?', 'அவனா நேற்று வந்தான்?' ஆகிய மூன்றும் வெவ்வேறு வினாக்கள். முதலாவது வருகையையும், இரண்டாவது நாளையும், மூன்றாவது ஆளையும் ஐயுறுகின்றன. வினாக்குறி எந்தச் சொல்லின்மேல் நிற்கிறதோ அதுவே வினவப்படும் பொருளாகிறது.

வடிவத்தை விடவும் பயனை மையமாகக் கொண்ட பகுப்பே தமிழ் மரபின் சிறப்பு எனலாம். நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறது. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்பது கொளல் வினா. வாங்கும் கருத்தே அதில் உள்ளது. 'உனக்குக் குடை இல்லையா?' எனக் கேட்டுத் தன் குடையை நீட்டுவது கொடை வினா. 'விளக்கை ஏற்றினாயா?' எனத் தாய் மகளைக் கேட்பது ஏவல் வினா. இம்மூன்றும் வடிவத்தால் ஒன்றே. வினவுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலுள்ள உறவே அவற்றை வேறுபடுத்துகிறது. தொல்காப்பியர் வினாவையும் செப்பையும் இணைத்தே பேசியதும், நன்னூலார் விடையை எட்டாக வகுத்ததும் இவ்வுறவை உணர்ந்தமையாலேயாகும்.

எனினும் இம்மரபு குறையற்றது அன்று. எழுத்தால் குறிக்கப்படும் வினாவையே அது கருதியது. ஒலியின் ஏற்ற இறக்கம் ஒன்றினாலேயே வினாவாகும் தொடர்களுக்கு அதில் இடமில்லை. மற்ற மொழிகளை ஆராய இப்பகுப்பைக் கையாளுவோர் இக்குறையை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

3. ஒடியாவில் வினா

ஒடியாவின் வினாச்சொற்கள் பெரும்பாலும் ககரத்தில் தொடங்குவன: கியே (யார்), கண (என்ன), கேபே (எப்போது), கேதே (எவ்வளவு), கேமிதி (எப்படி), காஹிங்கி (ஏன்). இவை சுட்டுச் சொற்களோடு ஒழுங்குற இணைகின்றன. ஏதே, சேதே, கேதே என்பன தமிழின் இவ்வளவு, அவ்வளவு, எவ்வளவு என்பவற்றுக்கு நேர். ஏமிதி, சேமிதி, கேமிதி என்பன இப்படி, அப்படி, எப்படி என்பவற்றுக்கு நேர். ஆனால் ஒடியாவில் நான்காவது வரிசை ஒன்றும் உண்டு. ஜேதே, ஜேமிதி என ஜகரத்தில் தொடங்கும் சொற்கள் இணைப்புத் தொடர்களில் மட்டும் வருவன. தமிழ் 'எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு' என வினாச்சொல்லையே அவ்விடத்தில் கையாளுகிறது. ஆகவே ஒரு சொல் வினாச்சொல் எனப் பட்டியலில் பதியப்பட்டாலும், அது வினாவுக்கு மட்டும் உரியதா என்பது தொடரைக் கண்டே துணியத்தக்கது.

வினாச்சொல் தொடரின் முதலுக்கு நகர வேண்டியதில்லை. 'துமர நா கண?' என்பது சொல்லுக்குச் சொல் 'உமது பெயர் என்ன?' என்றே அமைகிறது. ஆம், இல்லை என்னும் விடையை வேண்டும் வினாவுக்குக் 'கி' என்னும் இடைச்சொல் தொடர் இறுதியில் வருகிறது: 'துமே ஜிப கி?' (நீர் போவீரா?). பின்னுருபு பெறும் மொழிகளில் வினா இடைச்சொல் இறுதியில் நிற்கும் என 1963இல் ஜோசப் கிரீன்பர்க் கண்ட பொதுமைக்கு ஒடியாவும் தமிழும் ஒத்தவை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யக் கேட்குமிடத்து 'நா' வருகிறது: 'துமே ஜிப நா நாஹிம்?' (போவீரா, மாட்டீரா?).

மரியாதை நிலையும் வினாவில் வெளிப்படுகிறது. 'து ஜிபு கி?', 'துமே ஜிப கி?', 'ஆபண ஜிபே கி?' என்பன முறையே நீ, நீர், தாங்கள் என்னும் நிலையினரை நோக்கியவை. வினைமுற்றும் உடன் மாறுகிறது. முன்னிலை வினைமுற்றுகள் வினாவிலும் ஏவலிலும் மிகுதியாகப் பயில்வன. கதைகளையும் படர்க்கைத் தொடர்களையும் மட்டும் தொகுப்பவர் இவ்வேறுபாட்டை எளிதில் தவறவிட்டுவிடுவார்.

4. 'என்ன' என்னும் சொல்லின் மூன்று நிலைகள்

ஒடியாவின் 'கண' என்னும் சொல் மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. 'சே ஆசிப கி?' என்பது 'அவன் வருவானா?' என்னும் இயல்பான வினா. 'சே கண ஆசிப?' என்பதும் ஆம், இல்லை என்னும் விடையையே வேண்டுகிறது. ஆனால் அதில் வியப்போ நம்பிக்கையின்மையோ கலந்திருக்கிறது. 'அவனாவது, வருவதாவது' என்னும் சாயல் அதில் தோன்றக்கூடும்.

இந்தியில் 'க்யா' என்பது 'என்ன' என்னும் பொருளுடைய சொல். அதுவே தொடரின் முதலில் நின்று, எவ்வித உணர்ச்சிச் சாயலும் இன்றி, ஆம், இல்லை வினாவையும் உணர்த்துகிறது; பேச்சு வழக்கில் இறுதியிலும் வருகிறது. தமிழில் 'என்ன, அவன் வருவானா?' எனச் சொல்லலாம். ஆயினும் அங்கு வினாவை ஆக்குவது ஆகாரமே; 'என்ன' வியப்பை மட்டும் சேர்க்கிறது.

ஆகவே 'என்ன' என்னும் ஒரே பொருளுடைய சொல் ஆம், இல்லை வினாவில் மூன்று நிலைகளில் நிற்கிறது. இந்தியில் அது இயல்பான வினாக்குறி. ஒடியாவில் உணர்ச்சி கலந்த வினாக்குறி. தமிழில் வினாவுக்குத் துணை மட்டுமே. இந்தித் தொடரைச் சொல்லுக்குச் சொல் ஒடியாவில் பெயர்ப்பவர், இயல்பான வினாவைக் கேட்டு வியப்பு வினாவைப் பெறுவார். அதனையே ஒடியாவின் பொது வினாவாகக் குறித்துக்கொண்டால் 'கி' என்னும் இடைச்சொல் பதிவிலிருந்தே மறைந்துவிடும். கோடிக்கணக்கானோர் பேசும் ஒடியாவில் இப்பிழையை எவரும் உடனே திருத்துவர். திருத்துவோர் இல்லாத மொழியில் பிழையே இலக்கணமாக நின்றுவிடும்.

5. அந்தமான் பதிவுகள்

பெரிய அந்தமானிய மொழிகளைப் பற்றிய பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. எட்வர்டு ஹொரேஸ் மேன் தொகுத்த செய்திகளைக் கொண்டு அலெக்சாந்தர் எல்லிஸ் 1882இல் லண்டன் மொழிநூற் கழகத்தில் தென் அந்தமான் மொழியைப் பற்றி உரையாற்றினார். எம். வி. போர்ட்மன் 1887இலும் 1898இலும் நூல்கள் வெளியிட்டார். ரிச்சர்டு டெம்பிள் 1901ஆம் ஆண்டு மக்கள்தொகை அறிக்கையில் அந்தமானிய இலக்கணம் ஒன்றைச் சேர்த்தார். மேனின் அகராதி 1923இல் நூல்வடிவம் பெற்றது.

இவர்களுள் டெம்பிளின் அணுகுமுறை பாராட்டத்தக்கது. சொல்லை விடுத்துத் தொடரையே அடிப்படை அலகாகக் கொண்ட அவர், தொடரின் நோக்கங்களை வகுத்தபோது வினாவுக்கும் தனியிடம் தந்தார். ஆனால் மேனின் அகராதி ஆங்கிலச் சொற்களைத் தலைச்சொற்களாகக் கொண்டது. அத்தகைய அமைப்பில் யார், என்ன, எங்கு என்பவற்றுக்கு நேரான சொற்கள் எளிதில் இடம்பெறும். கொளல் வினாவையும் கொடை வினாவையும் எந்தத் தலைச்சொல்லின் கீழ் தேடுவது? வேட்டையில் கிடைத்ததைப் பகிர்ந்துண்டு வாழ்ந்த மக்களிடம் அவ்வினாக்களே நாள்தோறும் பயின்றிருக்கும் எனக் கருதுவது மிகையன்று.

பின்னர் வந்த ஆய்வுகள் முறையால் மேம்பட்டவை. இந்திய மானிடவியல் ஆய்வகம் ஓங்கே மொழிக் கையேட்டை 1982இலும், எஸ். மனோகரனின் அந்தமானிய மொழி பற்றிய விளக்க ஒப்பாய்வை 1989இலும் வெளியிட்டது. அன்விதா அப்பியின் பெரிய அந்தமானிய அகராதி 2012இலும் இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட இலக்கணப் பகுப்பு இம்மொழியில் ஊடுருவி நிற்பதை அவ்விலக்கணம் விரிவாக நிறுவியது. இந்நூல்களின் பயனைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆயின் இவற்றைப் பயன்படுத்துவோர் ஒரு கேள்வியை மனத்தில் கொள்ள வேண்டும்: குறிப்பிட்ட வினாத்தொடர் மொழிபெயர்ப்பாகப் பெறப்பட்டதா, உரையாடலில் கேட்கப்பட்டதா? இந்தியின் 'க்யா'வுக்கு நேராக ஒரு சொல் கிடைப்பின், அது 'என்ன' என்பதா, இயல்பான வினாக்குறியா, வியப்புக் குறியா என்பதை ஒரு தொடரைக் கொண்டு துணிய இயலாது.

1977இல் பெர்னார்டு காம்ரியும் நார்வல் சுமித்தும் வெளியிட்ட மொழி விளக்க வினாநிரல் இவ்வகையில் பெரிதும் உதவுவது. அது வினாத்தொடரைத் தொடக்கத்திலேயே வைத்து, இயல்பான வினா, ஒரு விடையை எதிர்நோக்கும் வினா, தெரிவு வினா, விடையின் வடிவம் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கிறது. எனினும் அது பெரிதும் அறிதற்பயனையே கருதுகிறது. நன்னூலின் கொளல், கொடை, ஏவல் ஆகியவற்றை அதனோடு சேர்ப்பின் நிறைவு கூடும்.

6. கேட்போர் இன்றி வினா இல்லை

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 ஆக இருந்த பெரிய அந்தமானியர் தொகை 1961இல் 19 ஆகக் குறைந்தது. எஞ்சியோர் பின்னர் ஸ்டிரைட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். பல குழுவினர் கலந்து வாழ்ந்த அங்குக் கலப்பு மொழியும் இந்தியுமே பொதுமொழிகளாயின. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26இல் காலமானார். அம்மொழியில் உரையாடத் துணையின்றி அவர் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்றும், பறவைகளிடம் பேசுவதுண்டு என்றும் அப்பி குறித்துள்ளார். 2020இல் லிச்சோ மறைந்தபோது சாரே மொழியும் பேசுவோரை இழந்தது.

ஒருவர் மட்டுமே அறிந்த மொழியில் பெயர்களை நினைவுகூரலாம், பாடலைப் பாடலாம், கதையையும் சொல்லலாம். ஆனால் அறியா வினாவுக்கு அறிந்த ஒருவர் வேண்டும். கொளல் வினாவுக்குக் கொடுப்போர் வேண்டும். கொடை வினாவுக்குப் பெறுவோர் வேண்டும். ஆகவே மொழி அழியும்போது அகராதிக்கு முன்னரே வினா அழிகிறது. சொற்கள் நினைவில் நிற்கும் காலத்திலேயே வினாக்கள் வழக்கொழிந்துவிடுகின்றன.

இதற்கு மறுதலையான நிலையில் இருப்பது சென்டினல் மொழி. அம்மக்கள் தமக்குள் வினவியும் விடையிறுத்தும் வாழ்கின்றனர். 1991இல் தேங்காய்களைக் கையேற்றபோதும் அவர்தம் மொழி எவருக்கும் விளங்கவில்லை. அங்கு வினா உயிரோடிருக்கிறது, பதிவுதான் இல்லை. அவர்களை நெருங்கலாகாது என்னும் விதி நியாயமானது. ஒரு மொழி பதியப்படுவதைவிடப் பேசப்படுவது மேலானது என்பதற்கு அதுவே சான்று.

7. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு வினாத்தொடரையும் அதற்கு நேரான கூற்றுத்தொடரோடும், இயல்பான வினா, வியப்பு வினா என இரு வடிவத்தோடும் பதிதல் வேண்டும். ஒடியாவின் 'கி', 'கண' வேறுபாடு இதன் இன்றியமையாமையைக் காட்டும். இரண்டாவது, இருவர் பேசும்போது இயல்பாக எழும் வினாக்களை, யார் யாரை எந்த உறவில் வினவினர் என்னும் குறிப்போடு தொகுத்தல் வேண்டும். மூன்றாவது, வினாவுக்கு வரும் விடையையும், ஆம், இல்லை என்பவற்றோடு நில்லாது, நன்னூலின் எண்வகை விடைகளைத் துணையாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

நிக்கோபார் மொழிகளும் ஓங்கே, ஜாரவா மொழிகளும் இன்றும் இல்லங்களில் பேசப்படுகின்றன. குழந்தை தாயை வினவும் மொழியாக அவை நிலவும் வரையில் இப்பணிக்கு வாய்ப்பு உண்டு. அங்குச் செல்லும் ஆய்வாளர் தம் வினாநிரலைச் சற்றே ஒதுக்கிவைத்து, அம்மக்கள் ஒருவரையொருவர் வினவுவதைக் கேட்டல் நலம்.