கோமாளிப் பாவை யாரைக் கண்டு நகைக்கிறது?

கெடாவின் வடபுறத்து ஊர்களில் ‘வாயாங் கெடேக்’ என்னும் நிழற்பாவைக் கூத்து வழங்கி வருகிறது. தென் தாய்லாந்தின் ‘நாங் தாலுங்’ கூத்துக்கு அது நெருங்கிய உறவு. தோலில் செதுக்கிய அரச பாவைகள் மெலிந்த மேனியும் மணிமுடியும் பூண்டு வரும். கோமாளிப் பாவைகளோ கறுத்த மேனியோடு விகாரமாய் வரும். நாங் தாலுங்கில் மன்னர் தலைநகரத்து மொழி பேசுவர். கோமாளி ஊர்மொழியே பேசுவான். தமிழகத்துத் தோற்பாவைக் கூத்திலும் இராமகதையின் நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து, ஊரார் பேச்சில் ஊர்ச்செய்தி உரைப்பர்.

இதனைப் பாமரர் கேளிக்கை எனக் கற்றோர் சிலர் ஒதுக்குவர். அது பொருந்தாது. கிளந்தான் கூத்தில் வரும் பாக் டோகோல் தோற்றத்தில் விகாரன். ஆயினும் கூத்தர் மரபு அவனைத் தெய்வத்தின் மாறுவேடமாகப் போற்றுகிறது. கடல் கடந்த அமெரிக்காவில், அரிசோனாவில் வாழும் ஹோப்பிப் பழங்குடியாரின் சடங்குகளிலும் கோமாளிகள் உளர். ஊர்ச் சதுக்கத்தில் அவர்கள் பெருந்தீனியும் பேராசையும் நடித்துக்காட்டி, முடிவில் தண்டனையும் பெற்று, மாந்தர் எவ்வாறு வாழலாகாது என்பதை உணர்த்துவர். அவர்கள் உருவை மரவேரில் செதுக்கி வைப்பதும் அங்கு வழக்கம். எனவே நகை, வழிபாட்டுக்குப் பகையன்று. அதன் ஓர் உறுப்பே.

ஆயினும் அந்நகை யார்மேல் பாய்கிறது என்பதே நம் வினா. ஹோப்பிக் கோமாளி காட்டுவது மனிதர் யாவர்க்கும் உள்ள குற்றம். நம் பாவையிலோ நிலைமை வேறு. குடும்பன் என்பது வயலில் உழைக்கும் ஒரு சமூகத்தாரின் பட்டப்பெயர். அரசனுக்கு அழகையும் உழைப்பவன் பெயருக்கு விகாரத்தையும் பங்கிட்ட உளியை நாம் வினவாதிருக்கலாமா? வெயிலில் கறுத்த தோட்டத் தொழிலாளி, திரையில் தன் நிறத்தையே கண்டு சிரிப்பானாயின், அச்சிரிப்பால் உயர்ந்தவர் எவர்?

அதற்காகப் பாவையைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. உளி அவனுக்கு இழிந்த உடலைத் தந்தது. கூத்தன் அவனுக்குக் கட்டற்ற நாவைத் தந்தான். மன்னன் முன் அஞ்சாது பேசுபவன் அவன் ஒருவனே. அந்நா வட்டிக்காரனையும் போலிச் சாமியாரையும் அதிகாரச் செருக்கையும் குத்துமாயின், கூத்து நமக்கு ஆசான். கறுத்த தோலையும் பெண்ணையும் ஏழையையும் குத்துமாயின், அது பழைய அடிமைத்தனத்தின் எதிரொலியே. கூத்துக் காணச் செல்வோர் கைதட்டுமுன் இவ்வேறுபாட்டை ஓர்வாராக. கூத்தன் எதைப் பேசுவான் என்பதைச் சபையின் கைத்தட்டலே முடிவு செய்கிறது.